அன்புள்ள உரிமையாளரே

கடிதம் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. கரண்ட் பில், மகளின் பள்ளி ரசீதுகள், யாரோ வைத்துவிட்டுப் போன கிரகப்பிரவேசப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் அடியில். இடது கையில் மாவுக்கட்டோடு வண்டியின் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். 2022 டிசம்பர் முதல் வாரம். உறையை யாரும் பிரித்திருக்கவில்லை. ஒரு கையால் பிரிக்க வராமல் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

ஆங்கிலக் கடிதம். மேலே என் கணவரின் பெயர். "அன்புள்ள உரிமையாளரே" என்று தொடங்கியது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான ஸ்கூட்டர்களில் பின் பிரேக்கைச் சேர்ந்த ஒரு பாகம் தரக்குறைவாக இருக்க வாய்ப்பு இருக்கிறதாம். உங்கள் வண்டியும் அந்த வரிசையில் வருகிறது, அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள், சோதித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தருகிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். சேசிஸ் எண் போட்டிருந்தது. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் வண்டிதான்.

கடிதத்தின் தேதி அக்டோபரில் இருந்தது. நான் மலையில் விழுந்தது நவம்பரில்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முதலில் வந்தது நிம்மதி. "அப்ப நான் சொன்னது சரிதான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. இன்னொரு முறை சொன்னேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஏற்காடு ஒன்றியத்தில் வேலை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே சிதறிக் கிடக்கிற சிற்றூர்கள் என் பகுதி. அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, ரத்த அழுத்தம் பார்ப்பது, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி. பஸ் வருகிற ஊர்களில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பஸ் வராத ஊர்களுக்கு நடை, அல்லது தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியில் பின்னால் நின்றுகொண்டு பயணம்.

2021இல் ஸ்கூட்டர் வாங்கினோம். "வாங்கினோம்" என்று எழுதுகிறேன். மாதத் தவணை என் சம்பளத்திலிருந்து போனது. ஷோரூமில் இருந்த பையன் காகிதங்களை நிரப்பும்போது என்னைப் பார்க்கவே இல்லை. "சார், உங்க நம்பர் சொல்லுங்க" என்றான். அவர் சொன்னார். "ஆர்.சி. சார் பேர்லயே போட்டுடலாமா? சேலம் அட்ரஸ் புரூஃப் இருக்கில்ல, ஈசியா இருக்கும்." அம்மாப்பேட்டையில் மாமியார் வீட்டு விலாசத்தில் அவருக்கு எல்லா அடையாள அட்டைகளும் இருந்தன. எனக்கு வாடகை வீடு மாறி மாறி எந்த அட்டையிலும் விலாசம் சரியாக இல்லை. நானும் சரி என்றேன். ஓட்டப் போவது நான்தானே, பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று அப்போது நினைத்தேன்.

வண்டி என் நாளையே மாற்றியது. கால் வைக்கும் இடத்தில் தடுப்பூசிப் பெட்டி, முன்னால் கொக்கியில் பை. பஸ்ஸுக்காகப் பாதியில் கிளம்ப வேண்டியதில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று போன் வந்தால் அன்றே போய்ப் பார்க்கலாம். எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் பேசுவது என்பதை நானே முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சுதந்திரம் இரண்டு சக்கரத்தில் வந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த வளைவுகள் போட்டோ எடுக்கும் இடம். மேலே வாழ்கிற எங்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் மீட்டிங்குக்கும் போகிற வழி. அந்தச் சாலை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கீழ் வளைவில் விழுந்து பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல நாள் பஸ்ஸில் எல்லோரும் வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மலை இறங்குகிறவர்களுக்கு ஆண்கள் சொல்கிற அறிவுரை ஒன்று உண்டு: "செகண்ட் கியர்ல போட்டு இறங்கு, பிரேக்கைத் தொடாதே." பைக்குக்கும் காருக்கும் அது சரியான அறிவுரை. கியர் குறைவாக இருந்தால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். "லேடீஸுக்கு ஈசி" என்று எங்களுக்கு விற்கப்படுகிற கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த வசதி மிகக் குறைவு. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கிளட்ச் தானாக விட்டுவிடும். பிறகு வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான். பல ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். உள்ளே ஷூ உரசித்தான் வண்டி நிற்கிறது. உரசினால் சூடு. 20 வளைவுக்கும் விடாமல் உரசினால் சூடு ஏறி, பிடிப்பு குறையும். ஆக, இந்த மலையில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறவர்களில் பெரும் பங்கு பெண்கள்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சி.பி.எஸ். அமைப்பு கட்டாயம். இடது லிவரைப் பிடித்தால் பின்னோடு முன்னும் சேர்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாம் அந்த ஒரு லிவரின் மேல் நிற்கிறது.

என் வண்டியின் இடது லிவர் வாங்கிய எட்டாம் மாதம் சொல்ல ஆரம்பித்தது. சில நாள் பிடித்தால் பாதியில் நிற்கும். சில நாள் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில், அதுவும் பத்து நிமிடம் இறங்கிய பிறகு, லிவர் கையில் தளர்வதை உணர்வேன். நாடி பார்த்துப் பழகிய விரல்கள். ஒரு துடிப்பு விட்டால் எனக்குத் தெரியும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்பெனியின் பெயரையும் சென்டரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. மெக்கானிக் நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தார். "மேடம், லேடீஸ் எல்லாம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டுவீங்க. அதான் தேயுது." நட்டை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு அனுப்பினார்.

இரண்டாம் முறை, சூப்பர்வைசர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். சேலத்துத் தெரு, பலகை போல் சமம். "நல்லாத்தானே பிடிக்குது." மலை இறக்கத்தில்தான் பிரச்சினை என்றேன். "அப்ப மலையில மெதுவாப் போங்க மேடம்."

மூன்றாம் முறை கணவரை அனுப்பினேன். அன்று பிரேக் ஷூவையே மாற்றிக் கொடுத்தார்கள். நாலைந்து வாரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் அதே தளர்வு.

அந்த மூன்று ஜாப் கார்டுகளையும் பின்னால் எடுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் புகார் என்று போட்ட கட்டத்தில் முதல் இரண்டிலும் "ஜெனரல் செக்கப்" என்று இருந்தது. மூன்றாவதில் "ரியர் பிரேக் வீக்" என்று இருந்தது. அதே வண்டி, அதே லிவர். நான் சொன்னபோது அது புகாராகவே ஆகவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள், சேலத்தில் மீட்டிங். காலை ஏழரைக்குக் கிளம்பினேன். ராத்திரி மழை பெய்து சாலை நனைந்திருந்தது. பனி. எட்டாவது வளைவுக்கு மேலே ஒரு நேர் இறக்கம் உண்டு. இடது லிவரைப் பிடித்தேன். கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது, வண்டி கேட்கவில்லை. வலது கையால் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கும் என்று தெரியும். கீழிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. மலைப் பக்கம் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள் வண்டியை விட்டேன்.

இடது மணிக்கட்டு உடைந்தது. முழங்கால் தோல் போயிற்று. வண்டி பக்கவாட்டில் கிடந்து சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த ஒரு பிக்கப் நின்றது. காப்பிப் பழம் பறிக்கும் காலம். உள்ளே தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நின்றபடி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். என்னை அவர்களுக்குத் தெரியும். இரண்டு பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி தன் தலைத் துண்டை அவிழ்த்து என் கையைக் கட்டினார்.

"வண்டி இப்படிப் பண்ணும்னு முன்னாடியே தெரியுமா நர்சம்மா?"

"தெரியும் பாட்டி."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள், பிரேக்கைப் பற்றி இல்லை. "மலையில பொம்பளைங்களுக்கு வண்டி எதுக்கு?" என்றார் மாமியார். "பஸ்ல வந்திருக்கலாமே சிஸ்டர்" என்றார் மேலதிகாரி. "வேகமா வந்தியா?" என்றான் அண்ணன். வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு எழுந்தது. யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் எதுவும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நானே என் மேல் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். பிடித்துக்கொண்டே ஓட்டினேனோ? பயத்தில் தப்பாகப் பிடித்தேனோ? ராத்திரி கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் குற்றவாளி நான்தான்.

அதனால்தான் அந்தக் கடிதத்தைப் படித்தபோது முதலில் நிம்மதி வந்தது.

கணவர் அன்று இரவு வந்ததும் கடிதத்தைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அவர் கெட்டவரில்லை, இதை எழுதுவது அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. போனை எடுத்துத் தேடினார். கம்பெனியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன. ஃபெஸ்டிவல் ஆஃபர் செய்திகளுக்கு நடுவே, படிக்கப்படாமல். கடிதம் அம்மாப்பேட்டைக்குப் போயிருக்கிறது. மாமியார் அதைக் காய்கறிப் பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். இவர் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி எங்கெங்கோ சுற்றி, அந்த லிவரைத் தினமும் பிடிக்கிற கைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மாவுக்கட்டோடு விடுப்பில் இருந்த நாட்களில் சட்டத்தைப் படித்தேன். இந்தியாவில் வாகன உற்பத்தியாளர்களின் சங்கமான சியாம் 2012 ஜூலையில் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. பாதுகாப்புக் குறை தெரிந்தால் கம்பெனிகள் தாமாக முன்வந்து வண்டிகளை அழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அது. சட்டக் கட்டாயம் அப்போது இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுகிறவருக்கோ, கூட வருகிறவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து தரும் குறை இருந்தால் அந்த ரக வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். கட்டாயத் திரும்பப் பெறுதல் வந்தால் அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை.

இப்படித் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகள் கொஞ்சமல்ல. 2019இல் ஹோண்டா, முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் குறை என்று ஆக்டிவா 125, கிரேசியா, ஏவியேட்டர், சி.பி. ஷைன் வண்டிகளில் 50,034ஐ அழைத்தது. 2022 அக்டோபரில் மாருதி, பின் பிரேக்கில் ஒரு பின் சரியில்லை என்று வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களில் 9,925ஐ அழைத்தது. 2024 பிப்ரவரியில் யமஹா, பிரேக் லிவரின் செயல்பாட்டுக்காக ரே இசட்ஆர் 125, ஃபேசினோ 125 ஸ்கூட்டர்களில் சுமார் 3 லட்சத்தை அழைத்தது. 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை தயாரானவை. என் வண்டி இந்தப் பட்டியலில் உள்ளதல்ல. ஆனால் அந்த 3 லட்சம் ஸ்கூட்டர்களைப் பற்றிய செய்தியைப் படித்தபோது, அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த பெண்களை நினைத்தேன். கல்லூரிக்கு, பேங்குக்கு, பிள்ளையை டியூஷனில் விட. அந்தக் குறுஞ்செய்தி யாருடைய போனுக்குப் போயிருக்கும்?

ஒன்றைச் சொல்ல வேண்டும். குறையை ஒப்புக்கொண்டு வண்டியை அழைக்கிற கம்பெனி, ஒப்புக்கொள்ளாத கம்பெனியைவிட மேல். என் கம்பெனியும் அழைத்தது. என் சண்டை அழைத்ததோடு இல்லை, யாரை அழைத்தது என்பதோடு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார்? யாருடைய பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். தவணை கட்டுகிறவர் இல்லை. ஓட்டுகிறவர் இல்லை. வண்டியின் குணம் தெரிந்தவர் இல்லை. 110ஏ பிரிவு, குறையைப் பற்றி அரசுக்குச் சொல்லக்கூடியவர்களை வரிசைப்படுத்தும்போதும் முதலில் வருவது உரிமையாளர்களில் குறிப்பிட்ட சதவீதத்தினர். எத்தனை உரிமையாளர்கள் புகார் சொல்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் நான் இல்லை. சொத்தில் பெண்ணுக்குப் பெயர் இல்லாதபோது, அவள் படுகிற ஆபத்துக்கும் கணக்கில்லை. வீடு, நிலம் என்று இதைப் பல முறை பேசியிருக்கிறோம். ஒரு ஸ்கூட்டர் பிரேக்கிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியாது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இதைத் "திரும்பப் பெறுதல்" என்று எழுதுகின்றன. என் வேலையில் எனக்குத் தெரிந்த திரும்பப் பெறுதல் வேறு. புருஷனிடம் அடி வாங்கிய பெண்ணோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் நர்சம்மா என்று தலையைக் குனிந்து சொல்வாள். எங்கள் பக்கத்தில் திரும்பப் பெறுவது எப்போதும் பெண்தான். செய்தவன் தன் தவறைத் திரும்பப் பெறலாம், அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது, கடிதம் போட்டு வருத்தம் தெரிவிப்பார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

பெர்தா பென்ஸைப் பற்றியும் அந்த விடுப்பில்தான் படித்தேன். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல் அவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்மில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவர். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனதில்லை. வழியில் இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்துபோயின. ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகள் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்று சொல்வது அப்படித்தான் தொடங்கியது. ஏற்றத்தில் வண்டி திணறியதையும் கவனித்து, இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அவர் சேர்த்தார். வண்டிக்குப் பணம் போட்டதில் பெர்தாவின் சீதனமும் உண்டு. காப்புரிமை கார்லின் பெயரில்.

பிரேக்கில் குறை என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர், மலைப்பாதையில் இறங்கிப் பார்த்த ஒரு பெண். "நீங்க பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருப்பீங்க மேடம்" என்று அந்தச் செருப்புத் தைப்பவர் சொல்லவில்லை. ஆணியை எடுத்தார். உலகம் நன்றாக மாற அவ்வளவுதான் தேவைப்படுகிறது: சொல்வதைக் கேட்டுச் சுத்தியலை எடுக்கிற ஒரு ஆள்.

கட்டுப் பிரித்த பிறகு வண்டியை வேனில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதே மெக்கானிக். கடிதத்தை மேஜை மேல் வைத்தேன். இந்த முறை சிரிக்கவில்லை. ஜாப் கார்டு எழுதும்போது பேனாவை வாங்கி, புகார் கட்டத்தில் நானே எழுதினேன்: இறக்கத்தில் இடது லிவர் கைப்பிடி வரை வருகிறது, முன்பு மூன்று முறை தெரிவிக்கப்பட்டது, வண்டி கவிழ்ந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாகத்தை மாற்றினார்கள். பழையதைக் கையில் தாருங்கள் என்றேன். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் மேடம் என்று சொன்னார்கள். ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டைவிட லேசாக இருந்தது.

அடுத்து பெயர் மாற்றம். படிவம் 29, படிவம் 30. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காகிதத்தைப் பார்த்த எழுத்தர், "புருஷன் பேர்லருந்து பொண்டாட்டி பேருக்கா? வீட்ல எதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். "பிரேக்லதான் சார் பிரச்சினை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் புரிந்தது. எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பகுதியில் ஒரு அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார். 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனத் திட்டம் கொண்டுவந்து, விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்ததே, அதில் வண்டி வாங்கியவர். மலைப் பகுதிப் பெண்களுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. வண்டி பெண்ணின் பெயரில்தான் பதிவாக வேண்டும். அந்த நிபந்தனையை நாங்கள் அப்போது பெரிதாக எண்ணவில்லை, மானியத்தைத்தான் பேசினோம். இப்போது அவரிடம் கேட்டேன், கம்பெனி மெசேஜ் எல்லாம் யாருக்கு வரும் என்று. "எனக்குத்தான் அக்கா. வேற யாருக்கு வரும்?" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அந்தப் பிக்கப்பில் நின்றுகொண்டு போகும் பெண்களை மறக்க முடியவில்லை. அவர்களுக்குப் பெயர் மாற்றவும் ஒரு வண்டி இல்லை. அந்தப் பிக்கப்பின் பிரேக்கில் குறை என்று கடிதம் வந்தால் முதலாளி வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தான் கிடக்கும். சட்டத்தின் அந்தப் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தேன். குறையைச் சொல்லக்கூடியவர்களின் வரிசை உரிமையாளர்களோடு முடியவில்லை. அடுத்து சோதனை நிறுவனம். மூன்றாவதாக ஒரு சிறு தொடர்: வேறு எந்த மூலமும். வேறு எங்கிருந்து தகவல் வந்தாலும் அரசு அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சொற்களைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டியும் அதில் அடங்குவார். நானும் அதில் அடங்கியிருக்க முடியும், யாராவது எழுதிக்கொண்டிருந்தால்.

இப்போது புதன்கிழமைகளில் ஊசி போட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒவ்வாமை போல உடனடி எதிர்விளைவு ஏதும் வருமா என்று பார்க்க அரை மணி நேரம் தாய்மார்களை உட்கார வைக்கிறோமே, அந்த நேரத்தில் இதையும் பேசுகிறேன். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். யார் பெயர், எந்தப் போன் நம்பர்? சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுத் திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சர்வீஸுக்கு விட்டால் நீங்கள் சொன்னதை ஜாப் கார்டில் நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றாமல் ஓட்டாதீர்கள். முதல் நாள் வந்திருந்தவர்களில் ஒரே ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருடைய வண்டியும் கணவர், அண்ணன், மாமனார் பெயரில் இருந்தது.

"எம் பேர்ல மாத்தித் தாங்கன்னு கேட்டா சண்டை வரும் நர்சம்மா" என்றாள் மடியில் குழந்தையோடு இருந்த ஒருத்தி.

"சரி, நம்பரையாவது மாத்து" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு போனை எடுத்து, சேசிஸ் எண் எங்கே இருக்கும் என்று கேட்டாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் வெளியே அவள் வண்டி நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து தேடினோம். மண் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக அவள் உரக்கப் படித்தாள்.